கனிசியஸின் வானுக்கு ஒரு வாய்ப்பூட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே ஒப்புக்கொள்கிறேன், ஊரார் வந்து சொல்லத் தேவையில்லை. பதினொரு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவளுக்கு, கண்ணுக்கு முன்னால் ஒன்று பிழையாக நடந்தால் பேசாமல் போக முடிவதில்லை. அன்றைக்கு மட்டும் கனிசியஸ் அண்ணையின் வானைக் கண்டும் காணாததுபோலப் போயிருந்தேன் என்றால், என்ரை கலியாணம் ஒரு பிஸ்கற் ரின்னில் வந்து தொங்கியிராது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. சண்டைக்காலம், எங்கள் பக்கத்துக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. டீசல் எப்படி மணக்கும் என்பதே எங்களுக்கு மறந்துகொண்டிருந்தது. பஸ், லொறி, வான் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஓடின என்று சொல்வது மரியாதைக்கு. இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் ஊர்ந்தன என்பதுதான் சரி. கனிசியஸ் அண்ணை கொழும்புத்துறை ஆள். பட்டணத்தில் இருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிற ஆசிரியைகளை ஏற்றிக்கொண்டு உடுவிலுக்கு வருவார். காலையில் ஏழே முக்காலுக்கு வான் வந்து வாசலில் நிற்கும். திரும்புவதற்காகப் பின்னுக்கு வரும். அந்த நேரம் பார்த்து வாசலில் பிள்ளைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்கிறவள் நான். கரும்புகை முழுவதும் என் சேலைக்குத்தான். சவர்க்காரமும் தடைக்குள் அகப்பட்டு, பனங்காய்க் களியால் உடுப்புத் தோய்த்த காலம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் பொறுத்தேன், இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் வானை மறித்துப் பிடித்துக்கொண்டேன். மண்ணெண்ணெய்க்கு வழுக்குத்தன்மை இல்லை, அதைத் தனியே விட்டால் டீசலை அடிக்கிற பம்ப் தேய்ந்துபோகும், தேய்ந்தால் எரிபொருள் சரியாக எரியாது, எரியாதது எல்லாம் கரியாக வெளியே வரும் என்று வாசலிலேயே பாடம் நடத்தினேன். கொஞ்சம் எண்ணெய் கலந்துவிடும்படி சொன்னேன். மனிசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மிகப் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, எந்த எண்ணெய் என்று கேட்டார். எனக்கு மணி அடித்துவிட்டது, அவசரம். எந்த எண்ணெய் என்றாலும் சரி என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினேன்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், மிஞ்சிப்போனால் இலுப்பெண்ணெய். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் வேறு எண்ணெய் கண்டதில்லை. கொழும்புத்துறையில் கனிசியஸ் அண்ணையின் மாமியார் லூர்த்தம்மா, வள்ளத்துக்குப் பூசுவதற்கென்று சாடி சாடியாகச் சுறா எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறார் என்று எனக்கு யார் சொன்னது?

அடுத்த கிழமை வான் வந்தது. சத்தம் இல்லை, இருமல் இல்லை, புகை பாதியாகக் குறைந்திருந்தது. கனிசியஸ் அண்ணை இறங்கி வந்து என்னைக் கும்பிட்டார். ஆனால் வானுக்குப் பின்னால் மூன்று பூனைகள் வந்தன. ஒன்று சைலன்சரில் முதுகைத் தேய்த்தது. வாசல் முழுக்கச் சுறா பொரிக்கிற மணம்.

பள்ளிக்கூடம் சிரித்தது, நானும் சிரித்தேன். சிரிப்பு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். பள்ளிக்கூடத்தடியில் இருக்கிற எங்கள் ஒழுங்கையில், மீன் இறைச்சி என்று மச்சம் சாப்பிடுகிறவர்களும் வெள்ளிக்கிழமை சாப்பிட மாட்டார்கள். அன்றைக்கு வான் போன கையோடு, யார் வீட்டில் மீன் பொரிக்கிறார்கள் என்று நாகேஸ்வரி அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டோடு சண்டை பிடித்து, இரண்டு வீடும் ஒரு மாதம் கதைக்காமல் இருந்தன. ஆலோசனை சொன்னது நான்தான் என்று நான் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

இதற்குள்தான் நடராசாவின் கதை வந்தது.

எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. ஐயா செத்தபிறகு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். வந்த சம்பந்தங்கள் எல்லாம் என் வாயைப் பார்த்தோ வயதைப் பார்த்தோ போய்விட்டன. நானும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை, விடைத்தாள் திருத்தப் போன இடத்தில் இந்த மனிசனைக் காணும் வரைக்கும். உடுப்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படிப்பிக்கிறவர். ஒரே மேசையில் பத்து நாள் இருந்தோம். நான் ஒரு பிள்ளைக்கு அரைப் புள்ளி வெட்டினால், ஏன் வெட்டினது என்று கேட்பார். நான் சண்டை பிடிப்பேன். அவர் சிரித்துக்கொண்டே தன் பனங்கட்டியில் பாதியை உடைத்துத் தேத்தண்ணிக்குத் தருவார். பதினோராம் நாள் வீட்டில் தனியே தேத்தண்ணி குடித்தபோது எனக்கு அழுகை வந்தது. அதற்குமேல் விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது.

அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. தரகர் வந்தார், குறிப்புப் பார்த்தார்கள், பொருந்தியது. மிச்சம் ஒன்றுதான். அவருடைய தாய் இரத்தினம்மா என்னைப் பார்த்து ஓம் என்று சொல்லவேண்டும். தாய் சொல்லாமல் அவர் அசையமாட்டார். அது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் பயமாகவும் இருந்தது. ஏனென்றால் தரகர் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிசி சுத்த சைவம். ஒருமுறை சட்டிக்குள் யாரோ முட்டை அவித்தார்கள் என்று தெரிந்து, சட்டியைக் கொண்டுபோய் வேலிக்கு வெளியே போட்டு உடைத்தவராம்.

பெண் பார்ப்பது கோயிலில் என்று முடிவாயிற்று. இரண்டு ஊருக்கும் நடுவே, புத்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை, பத்து மணிப் பூசை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், சைக்கிளில் ஏற மாட்டார். ஊரில் ஓடுகிற நிலையில் இருந்த இரண்டு கார்களும் அன்றைக்குக் கலியாண வீடுகளுக்குப் போகின்றன. மிஞ்சியது கனிசியஸ் அண்ணையின் வான்.

நான் அவரிடம் ஓடினேன். அந்த ஒரு நாளைக்காவது சுறா எண்ணெய் இல்லாமல் வரச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். இரண்டு மாதத்துக்குத் தேவையான மண்ணெண்ணெயை ஒரே பெரலுக்குள் விட்டு, எண்ணெயையும் ஒரேயடியாகக் கலந்துவைத்திருக்கிறாராம். வேறு மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கும்? ஆய்வுகூடத்தில் கொஞ்சம் காய்ச்சி வடித்துப் பார்த்தேன். இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு சேர்ந்தது. அந்த வேகத்தில் போனால் எனக்குக் கலியாணம் நடக்கும்போது ஓய்வூதியம் எடுத்திருப்பேன்.

உள்ளே போவதை மாற்ற முடியாவிட்டால் வெளியே வருவதை மறிப்போம் என்று யோசித்தேன். தேங்காய்ச் சிரட்டைக் கரிக்கு மணத்தை உறிஞ்சுகிற குணம் உண்டு. வருடா வருடம் நான் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிற பரிசோதனை. ஒரு பெரிய பிஸ்கற் ரின் எடுத்தேன். ஒரு பக்கத்தில் சைலன்சர் குழாய் நுழைகிற அளவுக்கு வட்டமாக வெட்டினேன், மறுபக்கத்தில் ஆணியால் சல்லடைபோலத் துளை போட்டேன். உள்ளே முதலில் ஈரத் தென்னந்தும்பு, புகைக்கரியைப் பிடிப்பதற்கும் சூட்டைத் தணிப்பதற்கும். அதற்கடுத்து இடித்த சிரட்டைக் கரி. பிறகும் தும்பு. கம்பியால் சுற்றிக் கட்டி, இரும்புப் பட்டி வைத்துத் திருகாணி முடுக்கினோம். கனிசியஸ் அண்ணை தள்ளி நின்று பார்த்துவிட்டு, வானுக்கு வாய்ப்பூட்டுப் போட்டாயிற்று என்றார். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

சரியாக வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? எங்கள் மூக்குகள் எல்லாம் சுறாவுக்குப் பழகிவிட்டன. ஆகவே சிற்றுண்டிச்சாலைப் பூனையைப் பிடித்துக்கொண்டு வந்தோம். வாய்ப்பூட்டு இல்லாமல் வானை இயக்கியபோது, பத்து அடி தூரத்தில் விட்ட பூனை ஓடி வந்து சைலன்சரைக் கட்டிப்பிடித்தது. தும்பு மட்டும் வைத்தபோது நடந்து வந்தது. தும்பும் கரியுமாக மூன்று அடுக்கும் வைத்தபோது, இருந்த இடத்திலேயே இருந்து காலை நக்கிவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்து எழுந்து போயிற்று. பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கின அன்றும் நான் அவ்வளவு சந்தோசப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் சேலை உடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அம்மா தட்டத்தோடு வானைச் சுற்றிவந்துகொண்டிருந்தார். நல்ல காரியத்துக்குப் போகிறோம், நாவூறு கண்ணூறு கழிக்கிறார் என்று நினைத்தேன். கனிசியஸ் அண்ணை நெற்றியில் விபூதி பூசியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, ரீச்சருக்காக அந்தோனியாரிடமும் சொல்லியிருக்கிறேன், பிள்ளையாரிடமும் சொல்லிவைப்போம் என்றார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

உரும்பிராய் தாண்டும்போது எனக்கு மூக்கில் ஏதோ பட்டது. மீன் இல்லை. சாம்பிராணி. நல்ல கட்டியான, மார்கழி மாதத்துக் கோயில் மணம். தெருவில் போன ஒரு ஐயா சைக்கிளை விட்டு இறங்கி வானைப் பார்த்துக் கும்பிட்டதையும் கண்டேன். நான் கனிசியஸ் அண்ணையைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், அம்மா மட்டும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். துருவித் துருவிக் கேட்டபிறகு ஒத்துக்கொண்டார். வாய்ப்பூட்டுக்குள் ஒரு பிடி போட்டாராம். வெறுங்கரிக்கு மணம் இல்லைத்தானே, நல்ல மணம் வந்தால் நல்லதுதானே என்றார். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. ஆனால் மணம் உண்மையிலேயே நன்றாக இருந்தபடியால் அடக்கிக்கொண்டேன்.

கோயிலடியில் அவர்கள் எங்களுக்கு முன்னமே வந்திருந்தார்கள். சோளகக் காற்று முகத்தில் அடிக்க அடிக்க, நடராசா தாயைச் சைக்கிள் கரியரில் வைத்து உடுப்பிட்டியில் இருந்து மிதித்துக்கொண்டு வந்திருந்தார். வெள்ளைச் சேட்டு, வெள்ளை வேட்டி, முகமெல்லாம் வியர்வை. என்னைக் கண்டதும் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் மணிக்கூட்டைப் பார்த்தார். இரத்தினம்மா கட்டையான, கறுத்த மனிசி. கைகள் இரண்டும் மண்வெட்டிப் பிடிபோல இறுகியிருந்தன. பூசை முடியும்வரை கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். முடிந்தபிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"கையைக் காட்டு, பிள்ளை."

காட்டினேன். உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார். "சோக்குக் கட்டி பிடிக்கிற கை" என்றார். அவ்வளவுதான். சமைப்பாயா, பாடுவாயா என்று ஒரு கேள்வி இல்லை. அம்மா விடாமல் முடிவைக் கேட்டதற்கு, வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்லியனுப்புகிறேன் என்றார். சொல்லியனுப்புகிறேன் என்று போனவர்கள் ஒருவரும் சொல்லியனுப்பினதில்லை என்பது எனக்குப் பழக்கம். நடராசாவின் முகம் சுருங்கிப்போயிற்று. என் கைக்கு என்ன குறை என்று கேட்க வாய் உன்னியது. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

புறப்படுகிற நேரத்தில்தான் இரத்தினம்மா ஒன்று கேட்டார். சைக்கிளில் இருந்து வந்து இடுப்பு விட்டுப்போயிற்றாம், வானில் கொண்டுபோய் வீட்டில் விட முடியுமா என்றார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். நானோ சைலன்சர் பக்கம் பார்த்தேன். வாய்ப்பூட்டு கோயிலுக்குப் போகிற தூரத்துக்கென்று செய்ததே தவிர, வல்லை வெளி தாண்டி உடுப்பிட்டி வரைக்கும் போக என்று செய்ததல்ல. மறுக்கவும் முடியாது. அவர் பின்சீற்றில் யன்னல் ஓரமாக ஏறி இருந்தார். நடராசா சைக்கிளில் பின்னால் வந்தார்.

வான் இயங்கும்போதே மூச்சு முட்டியது. ஆவரங்கால் வரைக்கும் ஒரு மாதிரி வந்தது. வல்லை வெளியில் இறங்கினதும் வேகம் குறைந்து குறைந்து, சைக்கிள் எங்களை முந்தி, பிறகு மரியாதைக்காகத் திரும்பவும் பின்னுக்கு வந்தது. வெளியின் நட்டநடுவில், ஒரு பற்றை மரம் கூட இல்லாத இடத்தில், வான் இரண்டு தரம் உதறிவிட்டு நின்றுபோனது. கனிசியஸ் அண்ணை எத்தனை தரம் முயன்றும் மூச்சு வரவில்லை.

நான் இறங்கிப் பின்னுக்கு ஓடினேன். ரின்னின் துளைகளில் இருந்து ஒரு நூல் புகை கூட வரவில்லை. விரலால் தட்டிப் பார்த்தேன், கல். எனக்கு விளங்கிவிட்டது. சாம்பிராணி சூட்டில் உருகி, கரியோடும் தும்போடும் சேர்ந்து, கோயிலடியில் வான் ஆறி நின்ற ஒரு மணித்தியாலத்தில் பனங்கட்டி மாதிரி இறுகியிருக்கிறது. பிறகு வந்த புகைக்கரி மிச்சத் துளைகளையும் அடைத்துவிட்டது. ஒரு பிடிக்கு இவ்வளவு வராதே என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா மெல்லிய குரலில், ஒரு பிடி இல்லை, ஒரு சுண்டு என்றார். பால் ரின் நிறைய. அத்தோடு வீட்டில் இருந்தது முழுவதும் முடிந்ததாம்.

அந்த நேரம் தூரத்தில், பலாலி இராணுவ முகாம் பக்கம், ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. வெட்டவெளியில் ஒரு வான் தனியே நிற்பது நல்லதல்ல என்பதை ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ரின்னைக் கழற்றினால் வான் ஓடும். கழற்றினால், பின்னால் இருந்து அடிக்கிற சோளகம் புகை முழுவதையும் யன்னலுக்குள்ளேதான் கொண்டுபோகும். பின்சீற்றில் இருப்பது, முட்டை அவித்த சட்டியை உடைத்த மனிசி.

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், இரண்டு பொய் தயாராக வாயில் இருந்தது. ஆனால் இந்த மனிசியோடு ஒரு வீட்டில் காலம் முழுவதும் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டு, முதல் நாளே பொய்யில் தொடங்கினால் பிறகு எங்கே போய் முடிப்பது? இரத்தினம்மா இருந்த யன்னலடிக்குப் போனேன்.

"அம்மா, ஒண்டு சொல்லவேணும். உந்த வான் சுறா எண்ணெய் கலந்த மண்ணெண்ணெயிலை ஓடுது. கலக்கச் சொன்னதும் நான்தான். உங்களுக்கு மணக்கக் கூடாதெண்டுதான் உந்த ரின்னைப் பூட்டினனான். இப்ப அதைக் கழட்டினால்தான் வான் ஓடும்."

வானுக்குள் எங்கள் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நடராசா சைக்கிளைப் பிடித்தபடி தாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இரத்தினம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கழட்டு" என்றார்.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டில் குந்தினேன். கனிசியஸ் அண்ணை என் கையில் இருந்த ஸ்பனரை வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை. ஆணிகளை முடுக்கினது நான், எது எந்தப் பக்கம் என்று எனக்குத்தான் தெரியும். ஆணிகள் கழன்றன, ஆனால் ரின் சுட்டது. சாக்குத்துண்டைச் சுற்றிப் பிடித்து முறுக்கினேன். நடராசா சைக்கிளைச் சரித்துவிட்டு வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாக இழுத்தோம், அது அசையவில்லை. அசையாததைக் கண்டு கனிசியஸ் அண்ணை உதவி செய்கிற எண்ணத்தில் வானை இயக்கினார்.

உள்ளே அடைபட்டுக் கிடந்த கரி முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. ரின் கழன்று எங்கள் இரண்டு பேரின் மடியில் விழுந்தது. நான் கண்ணைத் திறந்தபோது எனக்கு எதிரே இரண்டு கண்ணும் ஒரு வரிசைப் பல்லும் மட்டும்தான் தெரிந்தன. வெள்ளை வேட்டி என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. அந்தப் பல்லுகள் சிரித்துக்கொண்டிருந்தன. என் முகமும் அப்படித்தான் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறகு சோளகம் தன் வேலையைச் செய்தது. பொரித்த சுறாவின் மணம் எங்களைத் தாண்டி யன்னலுக்குள் போயிற்று.

ஹெலிகொப்டர் சத்தம் தூரத்தில் தேய்ந்துபோக, வான் புகை கக்கிக்கொண்டு வல்லை வெளியைத் தாண்டியது. நான் முன்சீற்றில் சூடான ரின்னைக் காலடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அரைப் புள்ளிக்குச் சண்டை பிடிக்க இனி ஆள் இல்லை. பனங்கட்டியை உடைத்துத் தர ஆள் இல்லை. கண்ணீர் வந்தது; துடைத்தால் கரி இன்னும் பரவும் என்று துடைக்கவில்லை.

உடுப்பிட்டியில் அவர்களின் ஒழுங்கைக்குள் திரும்பும்போது நாலு பூனைகள் பின்னால் வந்துகொண்டிருந்தன. வான் நின்றது. இரத்தினம்மா இறங்கி, எங்களைத் திரும்பிப் பாராமல் உள்ளே போனார். அம்மா, "வெளிக்கிடுவம், பிள்ளை" என்றார். கனிசியஸ் அண்ணை வானைத் திருப்பப் பார்த்தார். அப்போதுதான் வீட்டுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"எங்கை போறியள்? பிள்ளை, இங்கை வா. அந்த ரின்னையும் கொண்டு வா."

வீட்டுக்குப் பின்னால் தோட்டம், ஒரு பெரிய வெங்காயத் தறை. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மெசின் ஒன்று நின்றது. அதன் புகைக்குழாய்க்கு நேரே நின்ற வேப்பமரம் அடியில் இருந்து ஆளுயரத்துக்குக் கருகிப்போயிருந்தது. இரத்தினம்மா என்னிடம் இருந்து ரின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளைக்குள் நகத்தை விட்டுச் சுரண்டினார். எங்கே தும்பு, எங்கே கரி, ஏன் மூன்று அடுக்கு என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை கூட என்னிடம் அப்படிக் கேள்வி கேட்டதில்லை. சொன்னேன். சாம்பிராணி இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் அடைபடாமல் நிற்கும் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"நாலு வருசமா உந்த மெசினுக்கு நான்தான் கயிறு சுத்தி இழுக்கிறன்" என்றார். "அவன் பள்ளிக்கூடம் போனால் வேறை ஆர்? மண்ணெண்ணெய் விடத் தொடங்கினதிலை இருந்து புகை நெஞ்சை அடைக்குது. படிச்ச பொம்பிளை, சோக்குக் கை, கரி படாமல் யன்னலுக்குள்ளாலை என்னைப் பாத்துக்கொண்டு இருக்கப்போகுது எண்டுதான் யோசிச்சனான்."

நான் என் கைகளைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் கறுப்பு.

"சுறா எண்ணெய்..." என்று இழுத்தேன்.

"கோயிலடியிலையே தெரியும். சாம்பிராணி மணத்தாலை மனிசரை ஏமாத்தலாம். வானுக்குக் கீழை ரெண்டு பூனை படுத்துக் கிடந்ததெல்லோ? வாயாலை போறதுதான், பிள்ளை, மச்சம். மெசின் குடிக்கிறதுக்கு நான் ஏன் விரதம் பிடிக்க?" ரின்னை என் கையில் திருப்பித் தந்தார். "ஆடி பிறக்க முந்தி எங்கடை மெசினுக்கும் உதைப்போலை ஒண்டு செய்து பூட்டித் தா. ஆவணியிலை நல்ல நாள் பாப்பம்."

நான் ரின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த நடராசா வாளியைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டார். வாளியை எடுக்கிற சாட்டில் அவர் வெகுநேரம் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இரத்தினம்மா விறுவிறு என்று வாசலுக்குப் போனார். வானுக்குள் அம்மா இன்னும் சேலைத் தலைப்புக்குள்தான் இருந்தார். பூனைகள் சக்கரத்தடியில் வட்டமாக இருந்தன. இரத்தினம்மா யன்னலில் கையை வைத்தார்.

"இறங்கி வாங்கோ, சம்பந்தி. தேத்தண்ணி குடிப்பம். இனிமேல் சாம்பிராணியைச் சாமிக்கு வைச்சால் போதும்."

தன் சாம்பிராணியை யாராவது ஒரு சொல் சொன்னால் எங்கள் அம்மா சும்மா விடமாட்டார். அன்றைக்கு அது அவர் காதில் ஏறவே இல்லை. தலைப்பை மெல்ல விலக்கி என்னைப் பார்த்தார்.

"இப்ப என்னை என்னெண்டு கூப்பிட்டவ?" என்று கேட்டார்.

சொன்னேன். இன்னொருக்கால் சொல்லச் சொன்னார்.